பெரிய பிரேக் போட்டும் பெடல் பஞ்சாக இருக்கிறது, எங்கே தேடுவது?

பூஸ்ட்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. கார் 2 லிட்டர் டர்போ ஹேட்ச்பேக், முன்சக்கர டிரைவ். பெரிய டர்போ, இன்டர்கூலர், மேப் எல்லாம் முடிந்து, கம்பெனி தந்த பவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கிறது. ஆளோடு சேர்த்து எடை 1,450 கிலோ. முன்னால் 300 மிமீ டிஸ்க்கும் ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பரும் (பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) இருந்தன. அதைக் கழற்றிவிட்டு 345 மிமீ இரண்டு துண்டு டிஸ்க், நாலு பிஸ்டன் கேலிப்பர், ஸ்டீல் பின்னல் ஹோஸ், புது பிரேக் ஆயில் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழு கிட்டையும் மாட்டித் தந்தார்கள். பின்பக்கத்தைத் தொடவில்லை.

பிரச்சினை இரண்டு. முதலாவது, பெடல் பஞ்சாக இருக்கிறது. முதல் மிதியில் பாதிக்கு மேல் உள்ளே போகிறது, உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலே நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் திரும்பத் திரும்ப லைனில் சிக்கிய ஏர் எடுத்துப் பார்த்துவிட்டு, “மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது) பத்தவில்லை, 22.2 மிமீ இருப்பதை எடுத்துவிட்டு 25.4 மிமீ போடலாம்” என்கிறார்கள். இரண்டாவது, டிராக்கில் சில சுற்று ஓட்டிய பிறகு 120க்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்கிறார்கள். எதை முதலில் பார்ப்பது?

கணக்குப்பிள்ளை:
மாஸ்டர் சிலிண்டரை வாங்கிவிடாதீர்கள், முதலில் பிஸ்டன் அளவு சொல்லுங்கள். பழையது எத்தனை மிமீ, புதியதில் இரண்டு ஜோடியும் எத்தனை மிமீ?

பூஸ்ட்பிரியன்:
பழையது 57. புதியது 38ம் 44ம்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் ஒர்க்‌ஷாப் சொல்வது கணக்கில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் பிஸ்டன் உள்ள கேலிப்பரில் ஒரு பக்கத்தை மட்டும் எண்ண வேண்டும், நாலையும் கூட்டக் கூடாது. 57 மிமீ பிஸ்டனின் பரப்பு சுமார் 2,550 சதுர மிமீ. 38ம் 44ம் சேர்ந்தால் சுமார் 2,650. வித்தியாசம் 4 சதவீதம். இதற்காகப் பெடல் பாதிவரை போக நியாயமே இல்லை.

25.4 போட்டால் என்ன ஆகும் என்றால், மாஸ்டரின் பரப்பு சுமார் 31 சதவீதம் கூடும். அதே அளவு ஆயிலைத் தள்ளப் பெடல் குறைவாக நகர்ந்தால் போதும் என்பதால் ‘கெட்டியாகிவிட்டது’ என்று தோன்றும். ஆனால் அதே கால் பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் 23 சதவீதம் விழுந்துவிடும். உள்ளே ஏர் இருந்தால் அது அப்படியே இருக்கும், உங்கள் காலுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நோயை மறைத்துவிட்டு பிரேக்கின் பலத்தையும் குறைக்கிற வேலை இது. பிஸ்டன் பரப்பு 20, 25 சதவீதம் கூடும் கிட்டுகள் உண்டு. மாஸ்டரை மாற்றும் பேச்சு அங்கே நியாயம், இங்கே இல்லை.

ஆறாம்பிஸ்டன்:
நாலு பிஸ்டனில் நிறுத்தியதுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. இவ்வளவு பவருக்கு ஆறு பிஸ்டன், துளை போட்ட டிஸ்க் என்று போயிருக்கலாம். காரும் சீக்கிரம் நிற்கும்.

ஹேர்பின்ராணி:
சீக்கிரம் நிற்காது. பழைய பிரேக்கிலேயே 100ல் அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்ததா இல்லையா? செய்தது என்றால் அங்கே எல்லை டயர்தான். அதற்கு மேல் ஆறு பிஸ்டன் போட்டாலும் எட்டு போட்டாலும் அந்த ஒரு முறை நிறுத்தும் தூரம் குறையாது. பெரிய பிரேக்கின் பலன் பத்தாவது தடவை, இருபதாவது தடவை மிதிக்கும்போது தெரியும்.

துளை போட்ட டிஸ்க் விஷயம்: டிராக் ஓட்டுபவர்கள் யாருடைய டிஸ்க்கிலும் துளையின் விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். முடி அளவு விரிசல் துளையிலிருந்து துளைக்கு ஓடத் தொடங்கியிருக்கும். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வரும்போது உலோகம் கிழிவது அங்கேதான். கோடு வெட்டிய டிஸ்க் போதும், விரிசல் இவ்வளவு சீக்கிரம் வராது.

கணக்குப்பிள்ளை:
ராணி அக்கா சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன், ஏனென்றால் டிஸ்க் ஏன் பெரிதாக வேண்டும் என்பது இதில் இருக்கிறது. 1,450 கிலோ கார் மணிக்கு 200 கிமீ வேகத்திலிருந்து 80க்கு இறங்கினால் சுமார் 18.8 லட்சம் ஜூல் சூடாக மாற வேண்டும். 70 சதவீதம் முன்பக்கம் என்று வையுங்கள், ஒரு டிஸ்க்குக்கு ஆறரை லட்சம் ஜூல். டிஸ்க்கின் இரும்பு 7 கிலோ என்றால் அந்த ஒரே பிரேக்கிங்கில் அதன் வெப்பம் 200 டிகிரி ஏறும். 9 கிலோ என்றால் 160. பேடுக்கும் காற்றுக்கும் போவதைக் கழிக்கவில்லை, அதனால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆனால் நேர்ச்சாலை முடிவில் ஒவ்வொரு சுற்றும் இந்த 40 டிகிரி வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும். பிஸ்டன் எண்ணிக்கை இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை பாருங்கள்.

ஆறாம்பிஸ்டன்:
சரி, இரும்பின் எடை விஷயம் புரிகிறது. ஆனால் ஆறு பிஸ்டனில் நீளமான பேடைச் சீராக அழுத்தலாம், பேட் நிறைய நாள் வரும். அதையும் ஒதுக்கிவிடக் கூடாது.

கேலிப்பர் கண்ணன்:
அது உண்மை. ஆனால் தம்பிக்கு இப்போது அது பிரச்சினை இல்லை.

பூஸ்ட்பிரியன் தம்பி, கீழே உள்ளதை வரிசையாகச் செய்து எழுதுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடல் கல்லாக இறுகும்வரை மிதித்து மிதித்து பூஸ்டரில் (கால் பலத்தைக் கூட்டித் தரும் பாகம்) உள்ள வெற்றிடத்தைத் தீருங்கள். இப்போது அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் உள்ளுக்குள் விடுகிறது அல்லது எங்கோ வெளியே கசிகிறது. இறங்காமல் நின்றால், பிடித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும், இறங்கினால் பூஸ்டர் நலம்.

அப்புறம், கார் நின்ற இடத்திலேயே முதல் மிதி ஆழமாகப் போகிறதா, இல்லை வளைவு ஓட்டிவிட்டு வந்த பிறகு மட்டும் போகிறதா? இது முக்கியம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, கேலிப்பரை முன்னாலிருந்தும் மேலேயிருந்தும் போட்டோ எடுத்துப் போடுங்கள். பேடையும் வெளியே எடுத்து, இரண்டு முனையிலும் தடிமன் அளந்து எழுதுங்கள்.

இன்னொன்று. ஹோஸை கிளாம்ப் போட்டு நெரித்து எந்தப் பக்கம் ஏர் என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். ஸ்டீல் பின்னல் ஹோஸில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருக்கும் டெஃப்லான் குழாய் மடங்கினால் மடங்கியதுதான், பிறகு அதே இடத்தில் ஒருநாள் விட்டுவிடும்.

பூஸ்ட்பிரியன்:
அண்ணா, செய்துவிட்டேன். பெடல் இறங்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் உள்ளே போனது. கார் நின்ற இடத்திலும் முதல் மிதி ஆழம்தான். வளைவு ஓட்டிய பிறகு இன்னும் கூடுதல் ஆழமாகத் தெரிகிறது.

பேட் இரண்டு பக்கமும் சாய்வாகத் தேய்ந்திருக்கிறது. டிஸ்க் பேடுக்குள் நுழைகிற முனையில் 9.1 மிமீ, வெளியேறுகிற முனையில் 10.4 மிமீ. போட்டோ இணைத்திருக்கிறேன்.

கேலிப்பர் கண்ணன்:
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பாதியையும் இணைக்கும் அந்த மெல்லிய வளைந்த குழாய் உங்கள் கேலிப்பரில் மேலே இருக்கிறது. ஏர் எடுக்கத் திறக்கும் பிளீடர் நிப்பிள் இரண்டும் கீழே, தரையைப் பார்த்து இருக்கின்றன. இந்த வகைக் கேலிப்பரில் அது தலைகீழ். இடதுபக்கக் கேலிப்பரை வலதிலும் வலதுபக்கத்தை இடதிலும் மாட்டியிருக்கிறார்கள். பிராக்கெட்டில் இரண்டுமே உட்காரும் என்பதால் மாட்டும்போது தெரியாது.

ஏர் மேலே ஏறும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஆயிலை ஓட்டினாலும் ஆயில்தான் வெளியே வரும், மேலே அந்தக் குழாய் வளைவிலும் பிஸ்டனுக்குப் பின்னால் மேல்பாகத்திலும் ஏர் குமிழ் அப்படியே உட்கார்ந்திருக்கும். நிப்பிளில் குமிழே வராததால் ‘ஏர் இல்லை’ என்று அவர்கள் முடிவு கட்டியிருப்பார்கள்.

சாய்வுத் தேய்மானமும் இதையே சொல்கிறது. டிஸ்க் நுழைகிற முனையைப் பேடுக்குள் உராய்வே இழுத்துக் கொள்ளும், அந்த முனை இயல்பாகவே கூடுதலாகத் தேயும். அதைச் சரிக்கட்டத்தான் நுழைகிற பக்கம் சிறிய 38ம், வெளியேறுகிற பக்கம் பெரிய 44ம் வைத்திருக்கிறார்கள். உங்கள் காரில் அது திருப்பி இருக்கிறது. பெரிய பிஸ்டன் தேய்கிற முனையையே இன்னும் அழுத்துகிறது.

பக்கம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் டிஸ்க்கின் இரு பக்கமும் கேலிப்பர் உடலுக்கு உள்ள இடைவெளியை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் உட்காரவில்லை என்றால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். டிஸ்க்கையும் கையோடு பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுச் சிறகுகள் வளைந்திருந்தால், மையத்திலிருந்து வெளியே போகப் போக அவை சுழலும் திசைக்கு எதிராகச் சாய வேண்டும். மேலே வெட்டிய கோட்டை வைத்துத் திசை முடிவு செய்யாதீர்கள், சிறகுதான் கணக்கு.

நட்டுபோல்ட்டு:
ஏர் எடுக்கும்போது ஆயில் டப்பா காலியாக விட்டிருந்தால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ளும் ஏர் போயிருக்கும். கேலிப்பரைத் திருப்பியும் பெடல் முழுதாக வரவில்லை என்றால், ஸ்கேனர் வைத்து ஏபிஎஸ் பம்பை ஓட்டி ஏர் எடுக்க வேண்டும்.

என்ன ஆயில் ஊற்றினார்கள்?

பூஸ்ட்பிரியன்:
டாட் 4 என்று பில்லில் இருக்கிறது.

நட்டுபோல்ட்டு:
சாதாரண டாட் 4க்குத் தரநிலை கேட்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி கொதிநிலை. சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் உறிஞ்சிய பிறகு குறைந்தது 155. தினசரி ஓட்டத்துக்கு இது தாராளம். நீங்கள் டிராக் போகிறீர்கள், அங்கே கேலிப்பர் உடலே 200ஐத் தொடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைவரை போகும், ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வரும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதில் 312 டிகிரி. கேஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் தண்ணீர் ஏறிய பிறகும் 270 தாங்கும், அதற்கு விலையும் அப்படி. எது ஊற்றினாலும் சீல் உடைக்காத பாட்டில்தான். போன சீசனில் திறந்து அலமாரியில் வைத்ததை ஊற்றாதீர்கள்.

டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான். இதோடு சேராது, ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஆகாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். பெயரைப் பார்த்துக் குழம்பி ஊற்றிவிட்டால் மொத்த லைனையும் கழுவ வேண்டியிருக்கும்.

பூஸ்ட்பிரியன்:
வேறு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துக் கேலிப்பரைப் பக்கம் மாற்றி மாட்டியாயிற்று. கண்ணன் அண்ணா, நிப்பிள் மேலே வந்ததும் முதலில் ஆயிலே வரவில்லை, உஸ்ஸென்று ஏர்தான் வந்தது. இப்போது பெடல் மேல் கால்வாசியிலேயே பிடிக்கிறது. சாய்ந்த பேடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிவிட்டேன், ஆயில் 312 டிகிரிக்காரர். ரொம்ப நன்றி.

நடுக்கம் மட்டும் பாக்கி. டிஸ்க் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?

ஹேர்பின்ராணி:
வாங்காதீர்கள், அளந்து பாருங்கள். டிஸ்க் ‘வளைந்தது’ என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை வளையவே இல்லை. பேடிலிருந்து பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். ஒட்டிய இடத்தில் பிடிப்பு கூடும், தடிமனும் துளி கூடும். ஒரு சுற்றுக்கு 0.02 மிமீ தடிமன் வித்தியாசம் இருந்தாலே ஸ்டீயரிங்கில் உணரலாம்.

டயல் கேஜ் வைத்து டிஸ்க்கின் ஆட்டத்தைப் பாருங்கள், அதற்குமுன் ஹப் முகத்தில் துரு இருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஆட்டம் 0.05 மிமீக்குள் இருந்தால் கவலை இல்லை. அப்புறம் மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் தடிமன் எடுங்கள்.

டிராக்கில் கடைசிச் சுற்று வேகமாக ஓட்டிவிட்டு நேராக வந்து நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தால் பேட் இருந்த இடத்தில் அச்சு விழும். உற்றுப் பார்த்தால் பேடின் வடிவமே டிஸ்க்கில் தெரியும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

பூஸ்ட்பிரியன்:
ஆட்டம் 0.03. தடிமன் வித்தியாசம் 0.02 வந்தது. நீங்கள் சொன்ன பேட் வடிவம் வலதுபக்க டிஸ்க்கில் நீலச் சாம்பல் நிறத்தில் தெளிவாக இருக்கிறது.

ஹேர்பின்ராணி:
அப்படியானால் டிஸ்க்கைக் காப்பாற்றலாம். கார்னெட் உப்புத்தாளால் மேற்பரப்பை மட்டும் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, புதுப் பேடை ஒழுங்காகப் பதியவையுங்கள். பேட் கம்பெனி தரும் முறைதான் முதலில். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றால், காலியான சாலையில் 100லிருந்து 20வரை நன்றாக அழுத்தி, ஆனால் ஏபிஎஸ் வராமல், எட்டு பத்து தடவை அடுத்தடுத்துச் செய்யுங்கள். ஒரு தடவைகூட முழுதாக நிற்கக் கூடாது. பிறகு பத்து நிமிடம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி ஆற்றுங்கள். நடுவில் ஒரு வாடை வரும், பெடல் கொஞ்சம் பலம் குறைந்தாற்போல இருக்கும், பேடில் உள்ள பிசின் வேகும் வாடைதான் அது.

அதோடு டிஸ்க் விளிம்பில் வெப்பம் காட்டும் பெயின்ட் பூசுங்கள். பச்சை 430 டிகிரியில் நிறம் மாறும், ஆரஞ்சு 560ல், சிவப்பு 610ல். சிவப்பே மாறிவிட்டது என்றால் பேடும் பத்தாது, காற்றும் பத்தாது. அந்தச் சூட்டில் தொடர்ந்து ஓட்டினால் ஒட்டிய திட்டுகளுக்கு அடியில் இரும்பே கடினமாகிப் போகும். அப்புறம் உப்புத்தாள் உதவாது.

காற்றுக் குழாய் வைப்பதாக இருந்தால் டிஸ்க்கின் மையத்துக்குக் கொண்டுபோங்கள், சிறகுகள் உறிஞ்சிக் கொள்ளும். டிஸ்க்கின் ஒரு முகத்தில் மட்டும் ஊதினால் ஒரு பக்கம் ஆறி ஒரு பக்கம் கொதிக்கும்.

கணக்குப்பிள்ளை:
பேடு வாங்கிவிட்டேன் என்றீர்களே, அதன் உராய்வு எண் என்ன? பழைய கம்பெனிப் பேடு 0.38 வாக்கில் இருக்கும்.

பூஸ்ட்பிரியன்:
0.45 என்று பெட்டியில் போட்டிருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
இதைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் 300லிருந்து 345 ஆனதில் பேட் பிடிக்கும் ஆரம் சுமார் 125லிருந்து 147 மிமீ ஆகியிருக்கும், அது 18 சதவீதம். பிஸ்டன் 4 சதவீதம். பேட் 18 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் அதே பெடல் அழுத்தத்துக்கு முன்பக்கப் பிடிப்பு 45 சதவீதம் கூடிவிட்டது. பின்பக்கம் பழையபடியே. அதாவது முன் டயர் பூட்டும் எல்லைக்கு வரும்போது பின் டயர் தன் பங்கைச் செய்யாமல் உருண்டுகொண்டிருக்கும். ஏபிஎஸ் முன்னதாகவே குறுக்கிடும், நிற்கும் தூரம் பழையதைவிடக் கூடினாலும் ஆச்சரியம் இல்லை.

ஆறாம்பிஸ்டன்:
பின்பக்கமும் அதே பேட் போட்டால் சரியாகிவிடும்தானே?

ஹேர்பின்ராணி:
ஓரளவு. ஆனால் பின்பக்கப் பேட் முன்பக்கத்தைவிட முரட்டுத்தனமாக இருக்கவே கூடாது. முன்சக்கர டிரைவ் கார் பிரேக்கில் மூக்கைக் குத்தும்போது பின்பக்கம் எடையே இருக்காது. அதில் பின் டயர் பூட்டிக்கொண்டால் வால் சுற்றிவிடும், திருப்பிப் பிடிக்க நேரம் இருக்காது. பின்பக்க டிஸ்க் அவ்வளவு சூடும் ஆகாது, சூடு கேட்கும் ரேஸ் பேடைப் பின்னால் போட்டால் அது விழித்துக்கொள்வதற்குள் நாள் முடிந்துவிடும். கம்பெனிப் பேடைவிட ஒரு படி மேல், குளிரிலேயே பிடிக்கிற வகை, அது போதும்.

இன்னொரு விஷயம், மேடு பள்ளமான இடத்தில் பெடலைச் சடாரென்று குத்தாதீர்கள். ஒரு சக்கரம் காற்றில் இருக்கும்போது சட்டென்று பூட்டினால், சில ஏபிஎஸ் யூனிட்கள் கார் பனிமேல் ஓடுகிறது என்று முடிவு செய்து அழுத்தத்தை அடியோடு குறைத்துவிடும். பெடல் கல்லாக இருக்கும், கார் நிற்காது. முரட்டுப் பேடும் ஒட்டும் டயரும் சேர்ந்த கார்களில் இது வருகிறது. அந்த நேரத்தில் பெடலை ஒரு கணம் விட்டு மறுபடி அழுத்திச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் அப்படி விடத் தோன்றாது, ஆனால் உங்கள் காலுக்குப் பழக்கமாக வேண்டும்.

பூஸ்ட்பிரியன்:
டிராக் போய் வந்தேன். நடுக்கம் போய்விட்டது. பச்சையும் ஆரஞ்சும் நிறம் மாறியிருக்கின்றன, சிவப்பு அப்படியே இருக்கிறது. பின்பக்கம் ராணி அக்கா சொன்ன மாதிரி ஒரு படி மேலான பேட்.

ஒன்று மட்டும் இன்னும் இருக்கிறது. நேர்ச்சாலையில் பெடல் அருமை. வேகமான இடது வளைவு முடிந்து அடுத்து பிரேக் பிடிக்கும்போது முதல் மிதி ஆழமாகிறது, இரண்டாவது மிதி சரி. ஆயில் கொதிக்கிறதா?

கேலிப்பர் கண்ணன்:
ஆயில் கொதித்தால் எல்லா இடத்திலும் போகும், வளைவைத் தேடிப் போகாது. இது பேட் பின்னுக்குத் தள்ளப்படுவது. வளைவில் ஹப் துளி சாய்கிறது, அதோடு டிஸ்க்கும் சாய்ந்து பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள, பக்கவாட்டில் நகரும் கேலிப்பரில் இது அவ்வளவு தெரியாது, உங்களுடையது நிலையான வகை என்பதால் பெடலிலேயே காட்டும். முன்பு நீங்கள் வளைவுக்குப் பிறகு கூடுதல் ஆழம் என்று எழுதியது இதுதான், ஏர் அதை மூடியிருந்தது.

இடது வளைவில் பாரம் வலதுபக்கச் சக்கரத்தில். வலது முன்சக்கரத்தைத் தூக்கி, 12 மணி 6 மணி நிலையில் இரண்டு கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்தால் ஆட்டம் நின்றுவிடுகிறது என்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் பக்கம் தேடுங்கள்.

பூஸ்ட்பிரியன்:
பார்த்தேன் அண்ணா. வலதுபக்கம் லேசாக ஆடுகிறது, பிரேக் மிதித்தால் ஆட்டம் இல்லை. பேரிங் ஆர்டர் செய்துவிட்டேன். வரும்வரை என்ன செய்வது?

கேலிப்பர் கண்ணன்:
பேரிங் மாறும்வரை டிராக் வேண்டாம். தினசரி ஓட்டத்தையும் அவசியத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள். பேரிங் புதிதான பிறகும் வேக வளைவில் துளி வரும், நேராகும்போது இடது காலால் பெடலை லேசாகத் தொட்டு பேடை முன்னே கொண்டுவந்துவிட்டு அப்புறம் மிதியுங்கள். அதற்கும் மேல் தொல்லை என்றால் பிஸ்டனுக்குப் பின்னால் சின்ன ஸ்பிரிங் வைக்கலாம், உங்கள் கேலிப்பருக்குக் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பேரிங் மாற்றும்போது கேலிப்பர் பிராக்கெட் போல்ட் கழறும். புது போல்ட் போட்டு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள், முதல் சூடான ஓட்டத்துக்குப் பிறகு கார் ஆறியதும் இன்னொரு தடவை சோதியுங்கள். ஏபிஎஸ் சென்சார் பேரிங்கோடு வருகிற வகையா என்று ஆர்டரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும்.